சிறு உறை சொல்லும் பாடம்

கடலூர் மாவட்டத்தில் பூவராகப் பெருமாள் கோயிலால் புகழ்பெற்ற ஊர் ஸ்ரீமுஷ்ணம். இத்தகைய சிற்றூர்களிலிருந்து வணிகவியல் பயிலவரும் மாணவர் பலரும் மாதச் சம்பளம் தரும் பணியையே முதலில் நாடுகின்றனர். தொழில் தொடங்கும் எண்ணம் அவர்களிடம் இல்லாமலில்லை. முதல் இல்லையே என்னும் தயக்கமும் தோற்றால் என்னாகும் என்னும் அச்சமும் அவ்வெண்ணத்தைத் தடுக்கின்றன. இவ்விரண்டுக்கும் அவர்களது மாவட்டத்திலேயே விடை உண்டு.

ஷாம்பு பெரும்பாலும் புட்டிகளில் விற்கப்பட்ட காலத்தில், வசதியுடையோர் வாங்கும் பொருள் உழைக்கும் எளியோருக்கும் எட்டவேண்டும் எனக் கருதினார் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அதனைச் சிறு உறைகளில் அடைத்து விற்கும் முறைக்கு அவர் முன்னோடியானார். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 1983ஆம் ஆண்டு 15,000 ரூபாய் முதலீட்டில் தனித்தொழில் தொடங்கினார். தந்தையின் நினைவாகத் தம் ஷாம்புக்குச் 'சிக்' எனப் பெயரிட்டார். எந்த நிறுவனத்தின் உறையாயினும் ஐந்து வெற்று உறைகளைக் கொடுத்தால் ஒரு 'சிக்' உறை இலவசம் என்று அறிவித்தார். வாங்குவோர் பெருகினர். அந்நிறுவனமே பின்னர்க் 'கவின்கேர்' ஆயிற்று. கவின் என்னும் தமிழ்ச்சொல்லுக்கு அழகு என்பது பொருள்.

சிறு உறையில் ஒரு வணிக நுட்பம் அடங்கியுள்ளது. புட்டி வாங்கி ஏமாறுவோமோ என்னும் அச்சம் வாங்குவோருக்கு அதில் இல்லை. அச்சமின்மை மட்டுமே தொழில்முனைவு ஆகாது. இடரைத் தாங்கத்தக்க அளவாகச் சுருக்கிக்கொள்ளும் அறிவே தொழில்முனைவு.

அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் மெக்கிளெலண்டின் ஆய்வும் இதனை உணர்த்துகிறது. திருவிழாக் கடைகளில் காணும் வளையம் எறியும் விளையாட்டைப் போன்ற ஒன்றை அவர் ஆய்வுக்குக் கொண்டார். சாதிக்கும் வேட்கை மிக்கோர் மிக அருகிலும் நிற்கவில்லை; மிகத் தொலைவிலும் நிற்கவில்லை; முயன்றால் வெல்லத்தக்க இடைத்தொலைவிலேயே நின்றனர். இவ்வேட்கை பிறவிக்குணம் மட்டுமன்று. 1960களில் ஆந்திரத்தின் காக்கிநாடாவில் அவர் வணிகர்களுக்குப் பயிற்சியளித்தபோது, பயிற்சி பெற்றோர் பெறாதோரினும் மிகுதியாகப் புதிய முயற்சிகளில் இறங்கினர்.

சம்பளப் பணி தாழ்ந்ததன்று. விரும்பி அதனைத் தேர்வதும், வேறொன்றுக்கு அஞ்சி அதில் ஒதுங்குவதும் ஒன்றல்ல. விடுமுறையில் ஒரு கிலோ பண்ருட்டி முந்திரியை வறுத்துச் சிறு பொட்டலங்களாக்கி விற்று, வரவையும் செலவையும் பேரேட்டில் எழுதிப் பார்க்கும் மாணவர் நட்டமடைந்தாலும் இழப்பது சிறிதே. தமக்கு ஏற்றது எது என்பதை அவர் தம் கணக்கிலிருந்தே அறிந்துகொள்வார்.