புதர் என்று கடந்துபோகாதீர்கள்

மலையிலிருந்து சென்னைக்குக் குடிவருகிறவர்களுக்கு வீட்டு அட்வான்ஸ், தண்ணீர் லாரி, ஆட்டோ பேரம் என்று எல்லாவற்றையும் சொல்லித்தர ஆளுண்டு. காட்டைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதீர்கள். "அடையாறுல ஏதுங்க காடு?" என்பார்கள். நான் கோத்தகிரிக்காரி. சோலைக்காட்டின் ஓரத்திலேயே வளர்ந்தவள். கணவருக்கு மாற்றலாகி அடையாறு கஸ்தூரிபா நகரில் வீடு பார்த்தபோது, சமையலறை எந்தத் திசையில் இருக்கிறது என்று மாமியார் கவலைப்பட்டார். காலையில் எங்கே போய் நடப்பது என்பதுதான் என் கவலை. அந்தக் கவலை தீர சில வருஷங்கள் ஆயின. அதற்குள் கற்றுக்கொண்டதைத்தான், புதிதாக இங்கே வருகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலையாக, அண்ணாந்து பார்ப்பதை நிறுத்துங்கள். மலைக்காட்டில் பழகிய கண் உயரத்தைத்தான் தேடும். அடையாற்றில் அப்படித் தேடினால் கிடைப்பது தெருவோரத்துத் தூங்குமூஞ்சி, சிவப்பாகப் பூக்கும் மயில்கொன்றை, மஞ்சளாகச் சொரியும் பெருங்கொன்றை. எல்லாம் அழகுதான். ஆனால் தூங்குமூஞ்சி தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது, மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. தியசாபிகல் சொசைட்டி தோட்டத்தில் எல்லாரும் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளும் பாவோபாப் ஆப்பிரிக்க மரம். அங்கேயே இருக்கும் மகோகனிக்குச் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம். என்னைப் போலவே குடிவந்தவை. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை எங்கள் தெருவில் மயில்கொன்றையும் பெருங்கொன்றையும் வேரோடு சாய்ந்து கார்கள்மேல் கிடந்தன. வேம்பும் பூவரசும் கிளை முறிந்து, இலை உதிர்ந்து, மொட்டையாக நின்றன, ஆனாலும் நின்றன. யார் உள்ளூர், யார் வெளியூர் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அதுதான்.

சொசைட்டியின் பெரிய ஆலமரத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நானூற்றைம்பது வயது சொல்கிறார்கள்; 1989 புயலில் தாய்மரம் விழுந்த பிறகும் விழுதுகள் மரமாகிப் பரந்து நிற்கின்றன. போய்ப் பாருங்கள். பார்த்ததும் திரும்பிவிடாதீர்கள், அவ்வளவுதான். சொசைட்டி 1882இல் அடையாற்றங்கரையில் இந்த இடத்தை வாங்கியது. இன்று அது சுமார் 260 ஏக்கர். நட்டு வளர்த்த தோட்டம்தான் பெரும்பகுதி. ஆனால் தோட்டக்காரர் கைபடாத மூலைகளும் அங்கே உண்டு. பார்வையாளர் நேரம் குறைவு, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. விசாரித்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

அப்படி ஒரு மூலையில் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது, இலை கூட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "இன்னாம்மா பாக்குற அங்க? அது வெறும் பொதரும்மா."

"பேரு தெரியுமா ஐயா?"

"இது காரை. அது களா. அந்தாண்ட முள்ளு கீது பாரு, அது சூரை. சின்ன வயசுல இதெல்லாம் பறிச்சுத் துன்னுவோம்."

வெறும் புதர் என்றவர் ஒரே மூச்சில் மூன்று பெயர் சொல்லிவிட்டார். இந்தக் கரையின் காடு புதர்போலத்தான் தெரியும். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியல்காரர்கள் சொல்வது இதைத்தான். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச மாதங்களை இலை உதிர்க்காமலே தாக்குப்பிடிக்க வேண்டும். அதனால்தான் இலை சின்னது, தடித்தது, எண்ணெய் தடவியதுபோல மினுங்குவது. மரம் குட்டை, உச்சிகள் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும், நடுவே முள்கொடிகள். பாலை, வீரை, இரும்புளி, காட்டெலுமிச்சை இவைதான் இந்தக் காட்டின் மூத்த குடிகள். ஈழத்து வன்னிக் காட்டில் வளர்ந்தவர்களுக்குப் பாலையும் வீரையும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடலுக்கு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே காடுதான். உயரத்தை வைத்து வயதைக் கணிக்கிற பழக்கம் இங்கே செல்லாது. தொடை அளவு பருமன்கூட இல்லாத ஒரு இரும்புளி நம் தாத்தா காலத்து மரமாக இருக்கலாம்.

புதர் என்கிற அந்தப் பெயர்தான் இந்தக் காட்டுக்கு எமன். கிண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1910இல் காப்புக்காடாக அறிவித்தபோது அது சுமார் 505 ஹெக்டேர். பிறகு ஐ.ஐ.டி., காந்தி மண்டபம், மற்ற நினைவிடங்கள் என்று துண்டு துண்டாகப் போய், 1978இல் தேசியப் பூங்கா ஆனபோது மிஞ்சியது 270 ஹெக்டேர் சொச்சம். நாலு தேக்கு நின்றிருந்தால் கை வைக்க யோசித்திருப்பார்கள். களாவும் காரையும் நின்ற இடத்தைக் காலி மனை என்றுதான் பார்க்கத் தோன்றுகிறது, இன்றைக்கும்.

கிண்டியின் உள்காட்டுக்குள் நம் இஷ்டத்துக்கு நுழைய முடியாது. சிறுவர் பூங்காவும் பக்கத்திலுள்ள பாம்புப் பண்ணையும்தான் எல்லாருக்கும். உள்ளே போக வேண்டுமானால் வனத்துறை அனுமதியோடு போகும் குழுக்களோடு சேர்ந்துகொள்ள வேண்டும். 1978இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டிபோன்ற அமைப்புகளின் பழக்கம் இதற்கு உதவும். சுவரேறிக் குதிக்கிற வீரம் வேண்டாம். தேசியப் பூங்காவிலிருந்து ஒரு குன்றிமணி பொறுக்கினால்கூடச் சட்டப்படி குற்றம்.

இனி முள். சோலைக்காட்டில் எனக்கு எதிரி அட்டை. உப்போ புகையிலையோ இருந்தால் சமாளித்துவிடலாம். இங்கே சூரை. அதன் முள் பின்னோக்கி வளைந்தது. துப்பட்டாவிலோ சட்டைக்கையிலோ மாட்டினால் நம் சுபாவம் முன்னால் இழுப்பது. இழுக்க இழுக்க ஏறும். ஓரடி பின்னால் வையுங்கள், தானாகவே கழன்றுகொள்ளும். காரை முள் நேர்முள், அதற்கு இந்த வித்தை பலிக்காது. விலகிப் போவதுதான் வழி. பருத்தித் துணியே நல்லது, பின்னல் வேலைப்பாடு உள்ளதைத் தவிர்க்கவும். முகத்துக்கு நேரே கொடி தொங்கினால் கையால் ஒதுக்கும் முன் இலையைப் பாருங்கள்: செந்தட்டியாக இருந்தால் அரைநாள் அரிக்கும். மா இலைகளை ஒட்டித் தைத்ததுபோலக் கூடு தொங்கினால் உள்ளே முசுறு எறும்பு இருக்கிறது. திருகுகள்ளியைத் தப்பித்தவறி ஒடித்துவிட்டால் கையைக் கழுவும்வரை கண்பக்கம் கொண்டுபோகக் கூடாது. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

பெயர் தெரியாத செடியை அறிமுகம் செய்துகொள்வதற்கு எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. இந்தக் காட்டில் எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகள் ஏராளம்: காட்டெலுமிச்சை, பாணல், காட்டுக்கறிவேப்பிலை, மிளகரணை. செடியிலிருந்து பறிக்காமல், இலையை அப்படியே வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடியுங்கள். ஊசியால் குத்தினதுபோலப் பொடிப்பொடியாக ஒளிப்புள்ளிகள் தெரிந்தால் அது அந்தக் குடும்பம்தான் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். அந்தப் புள்ளிகள் எண்ணெய்ப் பைகள். லேசாகத் தேய்த்து மோந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசம். சில நாள் பழகினால் கண்ணை மூடிக்கொண்டே பெயர் சொல்லலாம். (பால் வடிகிற செடிகளில் இந்தச் சோதனை கூடாது.) அதே இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே பறவை எச்சம் விழுந்ததுபோலக் கறுப்பும் வெள்ளையுமாக ஏதோ ஒட்டியிருந்தால், அது எச்சமாக இல்லாமலும் இருக்கலாம். மெல்லிய குச்சியால் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாகக் கவைக்கொம்பு ஒன்றை நீட்டினால் வண்ணத்துப்பூச்சிப் புழு. கூடவே ஒரு நெடி வரும். எலுமிச்சை இலை தின்று வளரும் அந்தப் புழுக்கள்தாம் மழைக்குப் பிறகு அடையாற்றுத் தோட்டங்களில் பெரிய கறுப்புச் சிறகோடு பறந்து திரிகின்றன. ஒரு செடியோடு உட்கார்ந்தால் ஒரு காலைப்பொழுது போதாது. மைல் கணக்கில் நடந்தால்தான் காடு பார்த்ததாக அர்த்தம் என்று நினைக்கிறவர்களோடு எனக்கு இங்கேதான் ஒத்துப்போகவில்லை.

திசை தெரிந்துகொள்வதும் தனிக் கலை. மலையில் வழி தவறினால் சரிவைப் பார்ப்போம், ஓடை எந்தப்பக்கம் இறங்குகிறது என்று கேட்போம். இங்கே தரை தட்டையோ தட்டை. பின்காலையில் காற்று திரும்பும். உப்புவாசத்தோடு கடற்பக்கமிருந்து வரும். முகத்தில் அது பட்டால் பார்ப்பது ஏறக்குறைய கிழக்கு. காற்று இல்லாத நேரத்தில் காதுதான் துணை. கிண்டிப் பக்கமானால் சர்தார் பட்டேல் சாலையின் ஹாரன் சத்தம் வடக்கைக் காட்டிக்கொடுத்துவிடும். இரைச்சலால் ஒரு நன்மை!

பாம்பு பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. மலையில் யானைக்கும் காட்டெருமைக்கும் பயந்து தூரத்தைப் பார்த்து நடந்தவள் நான். இங்கே காலடியைப் பார்த்து நடக்க வேண்டும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் இந்த மாவட்டங்களில் உண்டு. சருகுக்குள் கையை விடாதீர்கள், புற்றருகே உட்காராதீர்கள், பொழுது சாய்ந்ததும் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போவதுதான் வைத்தியம். விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு கிழக்குக் கடற்கரைச் சாலை வடநெம்மேலியில், இருளர்களின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்துதான் போகிறது. 1978இல் தொடங்கிய சங்கம் அது. இந்த மண்ணின் காட்டை நன்றாகப் படித்தவர்கள் யார் என்று என்னைக் கேட்டால், அவர்களைத்தான் சொல்வேன். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

எப்போது தொடங்குவது? மே மாதம் குடிவந்தவர்கள் பொறுத்திருப்பது நல்லது. ஐப்பசி மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக வடக்கிலிருந்து ஆறுமணிக்குருவி வந்து இறங்கும். பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக, குட்டை வாலோடு சருகைப் புரட்டிக்கொண்டு திரியும். வந்த களைப்பில் சில சமயம் பெசன்ட் நகர் வீட்டு பால்கனிகளிலேயே விழுந்து கிடக்கும். அட்டைப்பெட்டியில் இருட்டாகவும் அமைதியாகவும் வைத்து, தெளிந்ததும் மரமுள்ள இடமாகப் பார்த்து விட்டுவிடலாம். ஜனவரி, பிப்ரவரி நடப்பதற்குச் சுகமான மாதங்கள்.

தனியாகக் கற்றுக்கொள்ள முடியாதவர்களுக்குக் கோட்டூர்புரம் மரப் பூங்காவைச் சொல்வேன். அடையாற்றங்கரையில் குப்பைமேடாக இருந்த இடத்தை 'நிழல்' அமைப்பு 2006 முதல் நாட்டு மரங்களால் நிரப்பியிருக்கிறது. களை பிடுங்கப் போங்கள். எது களை என்று தெரிந்துகொள்வதற்காகவாவது எல்லாச் செடியின் பெயரையும் படித்தாக வேண்டும். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்கு அமையவில்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் 58 ஏக்கரில் உள்ள தொல்காப்பியப் பூங்காவும் அந்த வகைதான், முன்பதிவு பற்றி விசாரித்துக்கொள்ளவும். புத்தகம் வேண்டுமென்றால், சென்னை அருங்காட்சியகம் 1929இல் வெளியிட்ட மயூரநாதனின் சென்னைப் பூச்செடிகள் நூல் இருக்கிறது. ஆங்கிலத்தில்தான். அவர் பட்டியலிட்ட செடி இன்றைக்கு எந்த அபார்ட்மெண்ட்டுக்கு அடியில் இருக்கிறதோ என்று நினைக்கவைக்கும் புத்தகம்.

இத்தனையும் பார்த்த பிறகும் ஒரு குறை இருந்தது: முழுசாக வளர்ந்தால் இந்தக் காடு எப்படி இருக்கும்? அதற்கு மரக்காணம் தாண்டிப் போக வேண்டியிருந்தது. புதுச்சேரிக்குச் சற்று முன்னால் கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே ஐயனார் கோயிலைச் சுற்றியிருக்கும் காட்டில், சாமி காடு என்பதால், யாரும் அரிவாள் வைக்கவில்லை. அடையாற்றில் இடுப்பளவில் பார்த்துப் பழகிய அதே இலைகளைத் தலைக்கு மேல் கூரையாகப் பார்த்தது அங்கேதான். காயா மரங்கள் கூட்டமாக நிற்கின்றன. காயாம்பூ வண்ணன் என்று பெருமாள் கோயிலில் காலமெல்லாம் கேட்டு வருகிறவர்கள்கூட அந்தப் பூவைப் பார்த்திருக்க மாட்டார்கள். கிளையை ஒட்டிக் கொத்தாக, நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தில் பூக்கும். திங்கள், வெள்ளியைவிட மற்ற நாட்களில் போனால் கூட்டம் குறைவாக இருக்கும். பொங்கல் வைக்க வருகிறவர்களிடம் ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, காலில் முள் ஏறாத பாதையாகக் கேட்டு நடங்கள்.