விளக்கப்படமும் எழுத்தின் அளவும்

ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைக்கும் மண் நம்முடையது. விருதுநகர் மாவட்டத்தின் 11 ஊராட்சி ஒன்றியங்களிலும் மானாவாரிச் சாகுபடிப் பரப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் விளக்கப்படம் ஒன்றைக் கணிப்பொறியில் வரைந்து, துறை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தேன். நரிக்குடிப் பக்கத்திலிருந்து வரும் நண்பன் அதைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “எங்க நரிக்குடியைக் காணோமேப்பா?” என்றான். தூண் இருந்தது, அதன் கீழே பெயர் இல்லை.

நான் கையாண்டது லிப்ரே ஆபீஸ் கால்க் என்னும் விலையில்லா மென்பொருள். எழுத்துகள் முதலில் 10 பாயின்ட் அளவில் இருந்தன. 72 பாயின்ட் சேர்ந்தது ஓர் அங்குலம். ஆகவே 10 பாயின்ட் ஏறத்தாழ மூன்றரை மில்லிமீட்டர். பலகைமுன் எட்டி நின்று படிப்பவருக்கு அது போதாது. அச்சின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, ‘ஃபார்மட் ஆக்சிஸ்’ சென்று, ‘ஃபான்ட்’ பகுதியில் 16 என்று கொடுத்தேன். எண்கள் இருந்த நிலை அச்சில் எழுத்து பருத்தது. ஊர்ப்பெயர்கள் இருந்த கிடை அச்சில் ஒன்றும் அசையவில்லை! காரணம் பிறகே விளங்கிற்று. இம்மென்பொருள் உரோமன் எழுத்துக்கு ஓர் அளவும், தமிழ் போன்ற எழுத்துகளுக்கு ‘சி.டி.எல்.’ என்ற பெயரில் வேறோர் அளவும் வைத்திருக்கிறது. இரண்டாவது கட்டம் கண்ணில் படாவிட்டால், ‘டூல்ஸ்’, ‘ஆப்ஷன்ஸ்’ வழியே மொழி அமைப்பில் அதை இயக்க வேண்டும்.

அங்கேயும் 16 கொடுத்தேன். பெயர்கள் பருத்தன, இடம் போதவில்லை. உடனே மென்பொருள் தானாகவே ஒன்றுவிட்டு ஒன்றாகப் பெயர்களை மறைத்துவிட்டது. அருப்புக்கோட்டை நின்றது, காரியாபட்டி போயிற்று. திருச்சுழி நின்றது, நரிக்குடி போயிற்று. எழுத்து பெரிதான மகிழ்ச்சியில் நான் பெயர்களை எண்ணிப் பார்க்கவில்லை.

‘லேபிள்’ பகுதியில் ‘ஓவர்லாப்’ என்பதைத் தேர்ந்தால் எல்லாப் பெயர்களும் திரும்பிவரும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். செங்குத்தாகத் திருப்பினால் படிப்பவர் கழுத்தைச் சாய்க்க வேண்டும். தூண்களைப் படுக்கவைத்துப் பட்டைகளாக்குவதே நல்ல வழி. பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துவிடும். 1786இல் வில்லியம் பிளேஃபேர் ஸ்காட்லாந்தின் ஏற்றுமதி, இறக்குமதியை நாடுவாரியாக வரைந்தபோது படுக்கைப் பட்டைகளையே வரைந்தார். பட்டைப் படத்தில் முதல் வரி அடியில் போய் அமரும். ‘ரிவர்ஸ் டைரக்‌ஷன்’ என்பதைத் தேர்ந்தால் மேலே வந்துவிடும்.

இனி, அதே படத்தை இதழில் அச்சிடும்போது வேறொரு கணக்கு. 16 செ.மீ. அகலப் படத்தை 8 செ.மீ. பத்திக்குள் சுருக்கினால் 10 பாயின்ட் எழுத்து 5 பாயின்ட் ஆகிவிடும். ஆங்கிலம் அதில் ஓரளவு தப்பிக்கலாம். தமிழில் மெய்யின் புள்ளி கரைந்துபோகும். ‘காரியாபட்டி’யில் துணைக்கால் எது, ரகரம் எது என்று தேட வேண்டியிருக்கும். ஆகையால் முதலிலேயே ‘பொசிஷன் அண்டு சைஸ்’ சென்று படத்தின் அகலத்தை 8 செ.மீ. ஆக்கிவிட்டு, அதன்பின் எழுத்தை 9 பாயின்ட் என்று வைத்து, ஒரு தாளில் அச்செடுத்துப் பார்ப்பேன். திரையில் பெரிதாகத் தெரிவதை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

பலகையில் புதிய படம் ஒட்டியாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்னும் நீண்ட பெயர்களுக்காகப் பட்டைகளைச் சற்றே குறுக்க நேர்ந்தது. பெயர்கள் பதினொன்றும் இருக்கின்றன; நண்பனை அழைத்து எண்ணச் சொல்லிவிட்டேன்.