ஐந்து ஆட்டங்கள், ஓர் அணி

நுழையும்முன்

வென்றவரின் பெயர் மறுநாள் நாளிதழின் தலைப்பில் இடம்பெறும். அவ்வெற்றிக்கு வழியமைத்தவர்களின் பெயர்களை ஆட்டத்தைத் தொடக்கம் முதல் கவனித்தவர்களே அறிவர். நாட்டின் அணி ஒன்றைப் பின்தொடரும்போது எதனை நோக்கவேண்டும் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் எனச் சென்னையின் தென் புறநகர்களில், மாலைவேளையில் மட்டைப் பையுடன் உள்ளரங்குகளுக்குச் செல்லும் மாணவர்களைக் காணலாம். அவர்கள் ஆடுவது இறகுப்பந்து. தஞ்சையில் தோன்றிய பூப்பந்து இதனின்று வேறானது. கம்பளிநூல் பந்தைக் கொண்டு பக்கத்திற்கு ஐவராக ஆடப்படுவது அது. இறகுப்பந்தில் ஒரு பக்கத்தில் ஒருவரோ இருவரோதான் நிற்பர். அவ்வாறாயின், இவ்விளையாட்டில் 'அணி' எவ்வாறு உருவாகிறது? தாமஸ் கோப்பைப் போட்டி இவ்வினாவிற்கு விடை தருகிறது.

போட்டியின் அமைப்பு

ஆடவர் அணிகளுக்கான தாமஸ் கோப்பை 1949ஆம் ஆண்டிலும், மகளிர் அணிகளுக்கான ஊபர் கோப்பை 1957ஆம் ஆண்டிலும் முதன்முறையாக வெல்லப்பட்டன. இரு நாடுகள் மோதும்போது மூன்று ஒற்றையர் ஆட்டங்களும் இரண்டு இரட்டையர் ஆட்டங்களும் வகுக்கப்படும். அவற்றுள் மூன்றில் வெல்லும் நாடே வெற்றிபெறும். உலகின் முதல்நிலை வீரரே ஆயினும், ஒற்றையர் ஆட்டத்தில் அவர் தம் நாட்டிற்கு ஈட்டித்தருவது ஒரு புள்ளியே. எஞ்சிய புள்ளிகளைத் தோழர்கள் ஈட்டவேண்டும்.

பாங்காக், 2022

1979ஆம் ஆண்டிற்குப் பின் தாமஸ் கோப்பையின் அரையிறுதியை இந்தியா எட்டியதில்லை. 2022 மே மாதம் பாங்காக்கில் அந்நிலை மாறியது. காலிறுதியில் மலேசியாவும் அரையிறுதியில் டென்மார்க்கும் எதிர்நின்றன. இரண்டிலும் முதல் ஆட்டத்தில் லக்‌ஷயா சென் தோற்றார். சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி – சிராக் ஷெட்டி இணையும், கிடாம்பி ஸ்ரீகாந்தும் அடுத்தடுத்து வென்று அணியை மீட்டனர். இரண்டாம் இரட்டையர் ஆட்டம் கைநழுவியது. 2–2 என்ற நிலையில், இருமுறையும் ஐந்தாம் ஆட்டத்தின் பொறுப்பு எச்.எஸ். பிரணாயிடம் வந்தது.

டென்மார்க்குடனான ஆட்டத்தில் பிரணாய் வழுக்கிக் கணுக்காலில் அடிபட்டார். முதல் செட்டையும் 13–21 என இழந்தார். வலியோடு தொடர்ந்தவர், அடுத்த இரு செட்களையும் 21–9, 21–12 எனக் கைப்பற்றி அணியை இறுதிப்போட்டிக்கு அழைத்துச் சென்றார்.

மே 15ஆம் நாள் நடந்த இறுதிப்போட்டியில், 14 முறை கோப்பை வென்ற இந்தோனேசியாவை இந்தியா எதிர்கொண்டது. தொடர்ந்து தோற்றிருந்த லக்‌ஷயா மீது அணி நம்பிக்கை இழக்கவில்லை. முதல் ஆட்டம் அவருக்கே அளிக்கப்பட்டது. அந்தோனி கின்டிங்கிடம் முதல் செட்டை 8–21 என இழந்த அவர், 21–17, 21–16 என மீண்டு வென்றார். சாத்விக் – சிராக் இணை 18–21, 23–21, 21–19 என வென்றது. ஸ்ரீகாந்த் 21–15, 23–21 என ஜோனாதன் கிறிஸ்டியை வீழ்த்தியதும் 3–0 என்ற கணக்கில் கோப்பை முதன்முறையாக இந்தியாவின் வசமாயிற்று. இருமுறை அணியைக் காத்த பிரணாய் அன்று களமிறங்கவேண்டிய தேவையே எழவில்லை.

தோற்றவரைத் தோழர்கள் தாங்கினர். தாங்கப்பட்டவர் இறுதிநாளில் தாங்கியவர்களின் சுமையைக் குறைத்தார். தனித்தனியே ஆடுவோர் ஓர் அணியாவது இவ்வாறுதான்.

தெரிந்து தெளிவோம்

2024ஆம் ஆண்டு மலேசியாவில் நடந்த ஆசிய அணிகள் இறகுப்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில், இந்திய மகளிர் அணியும் தாய்லாந்து அணியும் 2–2 எனச் சமநிலையில் இருந்தன. ஐந்தாம் ஆட்டத்தில் வென்று இந்தியாவிற்குத் தங்கம் பெற்றுத்தந்தவர் 17 வயது அன்மோல் கர்ப். அவ்வணியில் ஒலிம்பிக் பதக்கம் வென்ற பி.வி. சிந்துவும் இடம்பெற்றிருந்தார்.

வெற்றியைக் கொண்டாடுவது எளிது. ஓர் அணியைப் பின்தொடர்பவர், தோற்றவர் அடுத்த ஆட்டத்திற்கு எவ்வாறு திரும்பி வருகிறார் என்பதையும் நோக்கவேண்டும். வகுப்பறையிலும் வாழ்விலும் நமக்குப் பயன்படும் பாடம் அங்கேதான் உள்ளது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளி அணி பங்கேற்ற போட்டி ஒன்றைக் கண்டு, அதில் தோற்ற வீரர் ஒருவரின் பங்களிப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதுக.

2. 'அணியின் வெற்றியில் களமிறங்காதவருக்கும் பங்குண்டு' – வகுப்பறையில் கலந்துரையாடுக.