போன பணம் எங்கே? பேமென்ட் நிறுவனத்துக்கு ஆள் தேர்வு

திண்டிவனம் பக்கம் ஓமந்தூரில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து யுபிஐ-யில் 500 ரூபாய் அனுப்புகிறார். அவர் கணக்கில் பணம் குறைந்துவிட்டது. கல்லாப்பெட்டி மேல் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் மட்டும் வாய் திறக்கவில்லை. "வரலை தம்பி, இன்னொரு தடவ போடுங்க" என்கிறார் கடைக்காரர். இந்த நொடியில் உங்கள் சர்வர் என்ன செய்ய வேண்டும்?

டிஜிட்டல் பேமென்ட் நிறுவனத்துக்கு சீனியர் பேக்எண்ட் டெவலப்பர் தேடுகிறவர்கள் இந்த ஒரு கேள்வியோடு நேர்காணலுக்கு உட்காரலாம். பைனரி மரத்தைத் தலைகீழாக்கும் புதிர்களை ஒரு மாதம் பயிற்சி எடுத்தவர் எவரும் போட்டுவிடுவார். இந்தக் கேள்விக்குப் பயிற்சி வகுப்பு கிடையாது.

அவசரக்காரர் "தோல்வி என்று காட்டிவிடலாம்" என்பார். முதல் 500 பிறகு வந்து சேர்ந்தால், இரண்டாவது 500-க்கு யார் பொறுப்பு? இன்னொருவர், "பதில் வரும்வரை நிலையைக் கேட்டுக்கொண்டே இருப்பேன்" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுக்க யுபிஐ தடுமாறியதற்கு, சில வங்கிகளின் பக்கமிருந்து இப்படி நிலை விசாரிக்கும் கோரிக்கைகள் வெள்ளமாகக் குவிந்ததும் காரணம். அதன் பிறகு, ஒரே பரிவர்த்தனையை இரண்டு மணி நேரத்தில் மூன்று முறைக்கு மேல் விசாரிக்கக் கூடாது என்று யுபிஐ-யை நடத்தும் என்பிசிஐ கடிவாளம் போட்டது.

நல்ல பதில் வேறு இடத்தில் தொடங்கும். வெற்றி, தோல்வி இரண்டோடு 'தெரியவில்லை' என்பதும் ஒரு நிலை என்று ஒப்புக்கொள்பவர் அதைத் தரவுத்தளத்தில் அப்படியே எழுதிவைப்பார். ஒரே கோரிக்கை இருமுறை வந்தாலும் பணம் ஒருமுறைதான் நகரும்படி ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுப்பார். நிலை விசாரிப்பை இடைவெளி விட்டு, அளவோடு செய்வார். மறுநாள் வங்கி அனுப்பும் செட்டில்மென்ட் கோப்போடு தன் கணக்கை வரி வரியாக ஒத்துப்பார்ப்பார். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையைத் தானாகவே பேச்சில் இழுத்தால் இன்னும் நல்லது. அதன்படி, கடைக்கு உறுதித் தகவல் போய்ச் சேராத யுபிஐ பணம், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அந்த 5 நாளை எண்ணுவதும் நிரலின் வேலைதான்.

இப்படிப்பட்ட ஆள் எங்கே கிடைப்பார்? சென்னை, பெங்களூரு பேமென்ட் நிறுவனங்களில் என்றுதான் முதலில் தோன்றும். சம்பளம் அதிகம் கேட்பார்கள், அது பரவாயில்லை. ஆனால் ஐந்து வருட பேமென்ட் அனுபவம் என்று சுயவிவரத்தில் எழுதியவர், வணிகர்கள் பார்க்கும் டேஷ்போர்டை மட்டும் கட்டியிருக்கக்கூடும். "கணக்கு ஒரு ரூபாய் உதைத்த நாளில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். லெட்ஜரில் கைவைத்தவருக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும்.

வங்கி மென்பொருளில் பழுத்தவர்களைப் பல நிறுவனங்கள் சீந்துவதில்லை. எனக்கு இது வியப்புதான். பற்று-வரவு அவர்களுக்குக் கைவந்த கலை; பைசாவை முழு எண்ணாக வைக்கவேண்டும், ஃப்ளோட் வகையில் வைத்தால் கணக்கு பிசகும் என்று அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளவுட், கன்டெய்னர் எல்லாம் ஆறு மாதத்தில் பிடிபடும். இரவு மொத்தமாகக் கணக்கு முடித்துப் பழகியவர்கள், நொடிக்கணக்கில் யோசிக்க முதலில் திணறுவார்கள் என்பது மட்டும் குறை.

இணைய வணிகம், உணவு டெலிவரி போன்ற இடங்களிலிருந்து வருபவர்கள் பெருங்கூட்டத்தைத் தாங்கும் சர்வர் கட்டத் தெரிந்தவர்கள். லைக் எண்ணிக்கை பத்து நொடி பிந்தினால் யாருக்கும் நட்டமில்லை என்ற பழக்கத்தோடு வருவதுதான் சிக்கல். எந்தத் தரவு எந்த நாட்டில் கிடக்கிறது என்றும் பலர் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். பேமென்ட் தரவு இந்தியாவில்தான் இருக்கவேண்டும் என்பது 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி போட்ட விதி; பிழைப் பதிவுகளை வெளிநாட்டுச் சேவைக்கு அனுப்பும் ஒரு வரி நிரல் போதும், வம்பை வீட்டுக்கு அழைத்துவர.

குழுவில் ஏற்கெனவே பேமென்ட் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் இந்த மூன்றாம் வகையினரை எடுக்கலாம். இவர்களில் ஒருவர்தான் முதல் ஆள் என்றால் வேண்டாம். நாலைந்து பேர் கொண்ட சிறு நிறுவனத்துக்கு என் ஓட்டு வங்கிக்காரருக்கு, அல்லது செட்டில்மென்டில் உழன்ற பேமென்ட்காரருக்கு.

உள்ளூரில் வளர்த்தெடுப்பதும் உண்டு. மென்பொருள் நிறுவனமான ஜோஹோ தன் பயிற்சிப் பள்ளியை வெகு காலத்துக்கு முன்பே தொடங்கி, பட்டம் பார்க்காமல் மாணவர்களைச் சேர்த்தது. தென்காசியில் அலுவலகமும் போட்டது. ஆனால் சீனியர் ஒருவர் அப்படி உருவாகப் பல வருடம் ஆகும். இந்த வருட ஆள் பற்றாக்குறையை அது தீர்க்காது.

திண்டிவனம் பக்கம் அலுவலகம் என்றால் ஆள் வரமாட்டார் என்பது பாதிதான் உண்மை. வானூர் வட்டத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறந்தாயிற்று. புதுச்சேரி கூப்பிடு தூரம். விழுப்புரம், செஞ்சிப் பக்கத்துக்காரர்களில் பெற்றோருக்கு வயதாகி ஊர் திரும்ப நினைப்பவர் எத்தனையோ பேர். அவர்களைச் சம்பளத்தை வெட்டி அழைக்காதீர்கள். சென்னைச் சம்பளத்தையே கொடுங்கள், வீட்டு வாடகை மிச்சம் அவர்களுடையதாக இருக்கட்டும்.

நீங்கள் தேர்ந்தெடுத்தவர் இப்போது இருக்கும் நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் மூன்று மாதம் இருக்கலாம். அதற்குள் அங்கேயே சம்பளத்தை ஏற்றி நிறுத்திக்கொள்வதும் சகஜம். கையெழுத்துக்கு முன்பே ஒன்றை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்: தீபாவளிக்கு முந்தின ராத்திரி செட்டில்மென்ட் நின்றால் போனை எடுப்பது யார், மாதத்தில் எத்தனை இரவு, அதற்குத் தனிப்படி எவ்வளவு. இதைக் கேட்டதும் முகம் சுளிப்பவரைவிட, "என்னோடு முறை மாற்றிக்கொள்ள இன்னொருவர் இருக்கிறாரா?" என்று திருப்பிக் கேட்பவரை எடுங்கள். அந்த இன்னொருவர் இல்லையென்றால், நீங்கள் தேட வேண்டியது இரண்டு பேரை.