எந்தப் பயிற்சி நமக்குத் தேவை?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிச் சிற்றாற்றில் தண்ணீர் வந்துவிட்டால், தென்காசி வட்டாரத்தில் கார் நெல்லுக்கான வேலைகள் மும்முரமாகிவிடும். விதை, உரம், கடன், ஆள் என்று எல்லாவற்றுக்கும் கணக்குப் பார்க்கும் உழவர்கள், ஒன்றுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. இந்தத் தொழிலில் தமக்கு எது கைவந்திருக்கிறது, எது இன்னும் கைவரவில்லை என்பதே அந்தக் கணக்கு. அதைப் பார்க்காமல் போனால், கிடைத்த பயிற்சிக்கெல்லாம் சென்றும் வயலில் நட்டம் குறையாது.

ஒரு வயல் கற்பித்த பாடம்

குற்றாலத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிசானப் பருவத்தில் ஓர் உழவரைச் சந்தித்தேன். காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, மண்புழு உரம் ஆகிய பயிற்சிகளை முடித்துச் சான்றிதழ்களைச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். ஆனால் அவருடைய ஒரு ஏக்கர் நெல் புகையானால் வட்டவட்டமாகக் காய்ந்து கிடந்தது. "இருமுறை மருந்து அடித்தேன். மருந்து போலி சார்" என்றார். நானும் முதலில் மருந்தைத்தான் சந்தேகித்தேன்.

பிறகு தெளிப்பானில் வெறும் தண்ணீரை ஊற்றி, ஒரு சென்ட் அளவுக்குத் தெளித்துக் காட்டச் சொன்னோம். தெளித்தவர் அவருடைய மகன். அவர்தான் வழக்கமாக மருந்து அடிப்பவர். ஒரு சென்டுக்கு ஒரு லிட்டர்தான் செலவாயிற்று. அப்படியானால் ஏக்கருக்கு 100 லிட்டர். அவருடைய கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு இவ்வளவு என்று அளந்து கலந்ததால், பயிருக்குப் பாதி மருந்தே போயிருக்கிறது. அதுவும் இலையின் மேல்தான் விழுந்தது; புகையானோ தூரின் அடியில் இருக்கிறது.

மருந்திலும் குறை இல்லை, உழைப்பிலும் குறை இல்லை. குறை ஒரே ஒரு கைத்திறனில் இருந்தது. நானும் பட்ட மேற்படிப்பில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டவனே தவிர, தெளிப்பானைத் தோளில் மாட்டி நடந்து பார்த்தது ஆசிரியராக வந்த பிறகுதான்.

குறைகள் மூன்று வகை

சென்ற பருவத்தை விதைப்பு முதல் விற்பனை வரை நினைவுபடுத்திக் கொள்ளுங்கள். எங்கே நட்டம் வந்தது, எங்கே பிறரைக் கேட்டுச் செய்தோம், எங்கே குத்துமதிப்பாகச் செய்தோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பின் ஒவ்வொன்றும் கீழ்க்கண்டவற்றில் எந்த வகை என்று பாருங்கள்.

1. தெரியாமை. வயலில் காணும் பூச்சி பகையா நட்பா என்று தெரியாதிருப்பது இவ்வகை. இதற்குப் படிப்பு, வானொலி, பயிற்சி வகுப்பு ஆகியவை உதவும்.

2. தெரிந்தும் கைவராமை. இலை வண்ண அட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் பத்துப் பயிரில் பார்த்து யூரியா இடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத் தயங்குவோம். இதற்கு வகுப்பு போதாது. தெரிந்தவர் பக்கத்தில் நிற்க, நாமே இரண்டு மூன்று முறை செய்து பார்க்க வேண்டும்.

3. தெரிந்தும் முடிந்தும் செய்ய இயலாமை. திருந்திய நெல் சாகுபடியில் 14 நாள் நாற்றை நட வேண்டும் என்று தெரியும், நடவும் வரும். ஆனால் முறைத் தண்ணீர் வரவில்லை, அல்லது கோனோ களைக்கருவி இல்லை. இது திறன் குறை அன்று. எத்தனை பயிற்சிக்குப் போனாலும் தீராது. பாசன சபையில் பேசுவதும், நாலு பேர் சேர்ந்து கருவி வாங்குவதுமே இதற்கு வழி.

வயலிலேயே ஒரு தேர்வு

நமக்குத் தெரியும் என்று நாம் நினைப்பது பல நேரங்களில் சரியாக இருப்பதில்லை. இந்தோனேசியாவில் 1989-இல் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளில் இதற்கு ஒரு நல்ல முறை கையாளப்பட்டது. உண்மையான பூச்சியையும் நோயுற்ற இலையையும் வயலிலேயே வைத்துக் கேள்வி கேட்பார்கள். விடைகளுக்குரிய பெட்டிகளில் ஒன்றில் உழவர் தம் சீட்டைப் போடுவார். பருவத் தொடக்கத்தில் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் நடத்துவதால், கற்றது எவ்வளவு என்பது வெளிப்படையாகத் தெரிந்துவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கலந்து கொள்ளலாம்.

உங்கள் ஊர் உழவர் குழுவிலும் இதனை எளிதாக நடத்தலாம். சில கேள்விகள்:

- புகையான், சிலந்தி, பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி ஆகிய மூன்றில் பயிருக்கு நட்பு எவை? (பின் இரண்டும்.)
- வயலில் சிலந்தி இல்லாதபோது, தூருக்கு எத்தனை புகையான் இருந்தால் மருந்து அடிக்கலாம்? (ஒன்று. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம்.)
- 20 கிலோ தழைச்சத்துக்கு எவ்வளவு யூரியா? (யூரியாவில் 46 சதம் தழைச்சத்து, ஆகவே சுமார் 43½ கிலோ.)
- நூறு நெல் விதையில் எத்தனை முளைத்தால் விதைக்கலாம்? (குறைந்தது 80.)
- உங்கள் தெளிப்பானில் ஏக்கருக்கு எவ்வளவு தண்ணீர் பிடிக்கிறது? (பக்கத்துக்கு 21 அடி கொண்ட சதுரம் ஏறக்குறைய ஒரு சென்ட். அதில் தெளித்து, செலவான லிட்டரை நூறால் பெருக்கவும்.)

பயிற்சிக்குப் போக வேண்டியவர் யார்?

வேலையை எந்தக் கை செய்கிறதோ, அந்தக் கைக்கே பயிற்சி வேண்டும். நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்கள் செய்வது. ஆனால் அவற்றுக்கான பயிற்சிக்குப் போவது வீட்டு ஆண்கள். மருந்து அடிப்பவர் மகன். கூட்டத்துக்குப் போவது தகப்பனார். இது மாற வேண்டும். தேர்வில் வீட்டார் அனைவரையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

பருவத்துக்கு ஒரு திறன்

எல்லாக் குறைகளையும் ஒரே ஆண்டில் தீர்க்க முயல வேண்டாம். மிகுந்த நட்டம் தந்த ஒன்றை மட்டும் இந்தப் பருவத்துக்கு எடுத்துக் கொள்ளுங்கள். வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, ஊர்மேலழகியானில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ, "என்ன பயிற்சி இருக்கிறது?" என்று கேட்பதைவிட, "எனக்கு இது கைவரவில்லை, இதைச் சொல்லிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். பலர் சேர்ந்து ஒன்றையே கேட்டால், அதற்கெனப் பயிற்சி நடத்துவதும் எளிதாகும். கற்றதை முதலில் ஐந்து சென்டில் செய்து பார்த்து, அறுவடையின்போது மீதி வயலோடு ஒப்பிடுங்கள்.

மேற்சொன்ன உழவரின் மகன் அன்றே தெளிப்பானின் முனையை மாற்றி, நடையைக் குறைத்து, தூரின் அடியில் தெளித்துப் பழகினார். ஒரு சென்டுக்கு இரண்டு லிட்டர் வரும்வரை நான்கு முறை நடந்தார். அதற்குச் சான்றிதழ் ஏதும் கிடையாது. காய்ந்துபோன நெல் திரும்பவும் இல்லை. எனினும் அடுத்த பருவத்துக்கு அவர் ஆயத்தமாகிவிட்டார். சாரல் வருமுன் நீங்களும் உங்கள் நோட்டை எடுத்து எழுதத் தொடங்குங்கள்.