அந்தக் கைக்கு வேலை கொடு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆகப்போகிற நேரத்தில் உன் அம்மாவுக்கு ரவிக்கையின் இடது கை மட்டும் ஏற மறுக்கிறது, சாயங்காலமானால் கை கனக்கிறது என்று போனில் சொன்னாய். ஒரகடம் கம்பெனியில் மாப் போடும் வேலைக்கு இனி அவள் போகவே கூடாது, அந்தக் கையால் ஒரு செம்பு தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்பே சொல்லிவிட்டார்களாம். அந்தத் தீர்ப்பு தப்பு.

கையிலிருந்து வரும் நிணநீர் அக்குளில் உள்ள கணுக்கள் வழியாகத்தான் மேலே போகிறது. மார்பகப் புற்றுநோய்க்காகக் கணுக்களை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்தபிறகு வழி குறுகிவிடுகிறது. நீர் கையிலேயே தேங்குகிறது. அக்குள் கணுக்களை மொத்தமாக எடுத்த பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. ஆனாலும் புது வீக்கத்தை முதலில் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் காட்டு. ரத்தக்கட்டோ, நோய் திரும்பியதோ இல்லை என்று அவர் சொன்னபிறகே மற்றதெல்லாம்.

கையை அசைக்காமல் வைத்திருப்பதே நல்லது என்று ரொம்ப காலம் டாக்டர்களே சொல்லிவந்தார்கள். 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு அதை மாற்றியது. கை வீங்கிய 141 பெண்களில் ஒரு பாதிப்பேர், இறுக்கமான அழுத்த உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, வாரம் இருமுறை எடை தூக்கினார்கள். மிகச் சிறிய எடையில் தொடங்கி மெதுவாக ஏற்றினார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. திடீரென்று மோசமாவதும் தூக்காதவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. தசை அசைய அசைய, தேங்கிய நீர் மேலே நகர்கிறது. அடுத்த வருஷம் ஸ்பெயினிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. ஆபரேஷன் முடிந்த கையோடு பிசியோதெரபி தொடங்கியவர்களில் 7 சதவீதத்தினருக்கு ஒரு வருஷத்துக்குள் வீக்கம் வந்தது. அறிவுரை மட்டும் கேட்டுப் போனவர்களில் 25 சதவீதத்தினருக்கு வந்தது. இந்த ஒரு கணக்குக்காகவே ஒவ்வொரு புற்றுநோய் வார்டிலும் ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தாக வேண்டும்.

நீ செய்ய வேண்டியது அளப்பது. தையல்காரர் டேப் போதும். மணிக்கட்டிலிருந்து மேலே பத்துப் பத்து சென்டிமீட்டரில் பேனாவால் புள்ளி வை. இரண்டு கையையும் ஒரே நேரத்தில் அள. நோட்டில் தேதி போட்டு எழுது. இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் அதை வீக்கமாகவே கணக்கில் எடுப்பார்கள்.

மெடிக்கல் ஷாப்பில் கிரேப் பேண்டேஜ் வாங்கி நீயே சுற்றிவிடாதே. இதற்கென்று அதிகம் இழுபடாத துணிக்கட்டு உண்டு. விரலிலிருந்து தொடங்கி, கீழே இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் சுற்றத் தெரிந்தவர் சுற்ற வேண்டும். வீக்கம் வடிந்தபின் அளவெடுத்த உறை. எண்ணெய் போட்டு அழுத்தி உருவிவிடும் பாட்டியிடம் கண்டிப்பாகப் போக வேண்டாம். நிணநீரை நகர்த்தத் தோலை மட்டும் மெல்ல இழுத்தால் போதும். சிறுநீர் பிரிய மாத்திரை கேட்டும் அலையாதீர்கள், இந்த வீக்கத்துக்கு அது மருந்தில்லை.

வேலைக்குப் போகட்டும். மாப்பைப் பிழிவதை வலது கைக்கு மாற்றட்டும். பினாயில், ஆசிட் தொடும்போது ரப்பர் கையுறை கட்டாயம். ஒரகடம் பக்கத்து வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்க 2024-இல் விடுதியே திறந்திருக்கிறார்கள். இத்தனை பெண்களை நம்பி நடக்கும் இந்த வட்டாரத்தில், ஆபரேஷன் ஆனவருக்கு இலகுவான வேலை கேட்பது சலுகை கேட்பதாகாது. நீயே சூப்பர்வைசரிடம் போய்க் கேள்.

அவள் கான்ட்ராக்டில் இருந்தாலும் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐ உண்டு. புற்றுநோய் அதன் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருஷம் தொடர்ந்து வேலை செய்து உரிய சந்தா கட்டியிருந்தால், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு முதல் 91 நாள் 70 சதவீதமும் அதன்பின் இரண்டு வருஷம் வரை 80 சதவீதமும் சம்பளம் கிடைக்கும். இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கேள். காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கு அடுத்த செக்கப் போகும்போது பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதி வாங்கு. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-இல் தொடங்கியதிலிருந்து வீட்டுக்கே வரும் பிசியோதெரபிஸ்டும் அந்தத் திட்டத்தில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்துவை.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதே. கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் குளிரும் வந்தால் அது தோலுக்குள் இறங்கிய கிருமி. உனக்கு நைட் ஷிப்ட் இருந்தாலும் லீவு சொல்லிவிட்டு அன்று இரவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போ.

அன்புடன்,
பெரியம்மா