பிக் ஆப்பிளுக்குப் பெயர் வைத்தவர்கள்

அன்புள்ள தமிழினிக்கு,

நியூயார்க்கை ஏன் ‘பிக் ஆப்பிள்’ என்கிறார்கள் என்று கேட்டால் பத்துப் பேர் பத்துக் கதை சொல்வார்கள். அவற்றில் மனத்தை உருக்கும் கதை ஒன்று உண்டு. 1929-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. வேலையிழந்தவர்கள் நியூயார்க்கின் தெருமுனைகளில் ஆப்பிள் விற்று வயிறு கழுவினார்கள். அதிலிருந்து வந்த பெயர் இது என்பார்கள். ஆப்பிள் விற்றது உண்மைதான், புகைப்படங்களே இருக்கின்றன. ஆனால் பெயர் அதிலிருந்து வரவில்லை. சரிவுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 1921-இல், அது நியூயார்க் செய்தித்தாள் ஒன்றில் அச்சேறிவிட்டது.

பட்டப்பெயரின் பிறப்பைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, அது எப்போது, எங்கே அச்சில் வந்தது என்பதைத்தான். தேதி ஒத்துவராத கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தள்ளிவிட வேண்டும்.

அந்தச் செய்தித்தாள் ‘மார்னிங் டெலிகிராஃப்’. அதில் குதிரைப் பந்தயச் செய்திகள் எழுதிவந்தவர் ஜான் ஃபிட்ஸ் ஜெரால்ட். 1924 பிப்ரவரியில் பெயர் வந்த வழியை அவரே எழுதினார். நியூ ஆர்லியன்ஸ் பந்தயத் திடலில், குதிரை லாயத்தில் வேலை பார்த்த இரண்டு கறுப்பினத் தொழிலாளிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்து எந்த ஊருக்கு என்று ஒருவர் கேட்க, பிக் ஆப்பிளுக்கு என்றார் மற்றவர். நியூயார்க் திடல்களில் குதிரையை ஓடவிடுவதுதான் அந்தத் தொழிலில் இருந்த ஒவ்வொருவருடைய கனவும். ஃபிட்ஸ் ஜெரால்ட் காதில் விழுந்த பெயரைப் பத்தியின் தலைப்பாக்கினார். 1930-களில் ஜாஸ் இசைக்கலைஞர்களின் பேச்சிலும் அது புழங்கியது. பிறகு ஏறக்குறைய மறைந்தே போனது.

பாரி பாப்பிக், ஜெரால்டு கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் பழைய செய்தித்தாள்களைப் புரட்டி இந்த வரலாற்றை நிலைநாட்டினார்கள். ஃபிட்ஸ் ஜெரால்ட் குடியிருந்த 54-ஆம் தெருவும் பிராட்வேயும் சந்திக்கும் முனைக்கு 1997-இல் ‘பிக் ஆப்பிள் கார்னர்’ என்று நகராட்சி பெயர் சூட்டியது. அவருக்கு அந்த மரியாதை தகும். தானே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளாமல், யாரிடம் கேட்டது என்பதை எழுதிவைத்தாரே! ஆனால் அந்தத் தொழிலாளிகள் இருவரின் பெயர்களை அவரும் குறிக்கவில்லை. உலகம் முழுதும் வழங்கும் ஒரு பெயரைத் தந்தவர்கள் பெயரில்லாமல் போனார்கள் என்பதை நினைத்தால் வலிக்கிறது.

சிகாகோவின் பெயரிலும் தேதிதான் தீர்ப்புச் சொன்னது. ‘காற்று நகரம்’ என்ற பெயரைச் சூட்டியவர் நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் சார்லஸ் டேனா என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1893 உலகக் கண்காட்சியை நடத்த இரண்டு நகரங்களும் முட்டிமோதியபோது அவர் கேலியாக எழுதியதாம். சின்சினாட்டி செய்தித்தாள்களிலோ 1876-லேயே அந்தப் பெயர் இருக்கிறது. பன்றி இறைச்சி வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த சின்சினாட்டியைச் சிகாகோ முந்தியிருந்தது. தோற்ற ஊரின் எரிச்சலும், ஏரிக்காற்றும், சிகாகோக்காரர்களின் வாய்ச்சவடாலும் ஒரே பெயரில் சேர்ந்துகொண்டன. காற்றின் சராசரி வேகத்தைப் பார்த்தால் சிகாகோவைவிடப் பாஸ்டனில்தான் அதிகம்.

பட்டப்பெயர் ஊர்வாயில் வளர்வது. விளம்பர வாசகம் அப்படியல்ல. அது தேவை பார்த்து எழுதப்படுவது. 1970-களின் நியூயார்க்கில் அந்தத் தேவை கடுமையாக இருந்தது. குற்றங்கள் பெருகின, நகராட்சி 1975-இல் திவாலாகும் விளிம்புக்கு வந்தது. ஆட்குறைப்பை எதிர்த்த காவலர் சங்கங்கள் ‘அச்ச நகரத்துக்கு வரவேற்கிறோம்’ என்று மண்டையோட்டுப் படம் போட்டுத் துண்டுப் பிரசுரம் அச்சடித்தன. மாலை ஆறு மணிக்கு மேல் நடக்காதே, சுரங்க ரயிலில் ஏறாதே என்றெல்லாம் பயணிகளுக்கு அதில் எச்சரிக்கை.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1971-இல், நகரின் சுற்றுலா அமைப்பின் தலைவர் சார்லஸ் கில்லட் மறந்துபோன பிக் ஆப்பிளைத் தூசிதட்டி எடுத்திருந்தார். 1977-இல் மாநில அரசும் களத்தில் இறங்கியது. வரைகலை வடிவமைப்பாளர் மில்டன் கிளேசர், வாடகைக் காரில் போகும்போது ஓர் உறையின் மேல் சிவப்புக் கிரேயானால் கிறுக்கியதுதான், ‘லவ்’ என்ற சொல்லுக்குப் பதில் இதயம் வைத்த ‘ஐ லவ் நியூயார்க்’. அவர் கூலி வாங்கவில்லை. இன்று அது சட்டை, குவளை, சாவிக்கொத்து என்று உலகச் சந்தையெங்கும் கிடைக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அந்த இதயத்தின் ஓரத்தில் கருகிய தழும்பு ஒன்றைச் சேர்த்து, முன்னெப்போதையும்விட நேசிக்கிறேன் என்று கிளேசர் மறுபடி வரைந்தார். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர் அவர். அதனால்தான் ஒரு விளம்பரத்துக்குள் உண்மையான பாசம் குடியேற முடிந்தது.

உன் கோவைக்கு வருவோம். ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்பது இரவல் பெயர். பஞ்சாலைகளால் உலகப் புகழ்பெற்ற இங்கிலாந்து நகரத்தின் பெயரை அகமதாபாதும், போலந்தின் வூட்ஜும், பின்லாந்தின் தம்பெரேயும் தாங்கியிருக்கின்றன. கோவை அதற்குத் தகுதி பெற்ற வழி தெளிவானது. சுற்றிலும் பருத்தி விளையும் கரிசல் மண். 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கிய நூற்பாலை. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் மளமளவென்று எழுந்த ஆலைகள்.

அந்தப் பெயரைக் கோவைக்கு முதலில் எழுதியவர் யார், எந்த ஆண்டில்? இந்த விடுமுறையில் தேடிப் பார். சென்னைக்கு வரும்போது கன்னிமாரா நூலகத்திலும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் பழைய இதழ்களைக் கேட்டுப் பார். வீட்டருகே ஆலையில் வேலை பார்த்த பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் கேள். கேட்டதை எழுதும்போது, சொன்னவர் பெயரையும் மறக்காமல் எழுதிவை.

அன்புடன்,
சித்தப்பா